நெதர்லாந்தில் ஒரு டேங்கர் விலங்குக் கொழுப்பு: வகை பார்ப்பதிலிருந்து கணக்குத் தீர்வது வரை

ராட்டர்டாம் வட்டாரத்தில் கொழுப்பு, எண்ணெய் வியாபாரத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "இன்றைக்கு மாட்டுக் கொழுப்பு டன் என்ன விலை?" அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வகை, என்ன தரம், எந்த இடத்தில் கைமாறுகிறது, எதற்குப் போகிறது என்ற நாலும் தெரிந்த பிறகுதான் விலை என்ற பேச்சே வரும். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து நட்டப்பட்டவர்களைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் வரிசையை விடாமல் எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு டேங்கர் லாரி, 25 டன் உருக்கிய கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு உருக்கும் ஆலையில் ஏற்றி, தீவன ஆலையிலோ பயோடீசல் ஆலையிலோ இறக்குகிறோம். கீழே வரும் யூரோ கணக்கெல்லாம் கணக்கு புரிவதற்காக நான் போட்ட எண்கள். சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நெதர்லாந்து வணிகப் பதிவேடான கே.வி.கே எண், மதிப்புக் கூட்டு வரி எண் இரண்டும் எந்த வியாபாரத்துக்கும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கினாலும் விற்றாலும் சுங்கத்துக்கான ஈ.ஓ.ஆர்.ஐ எண்ணும் தேவை.

பலரும் தவறவிடுவது அடுத்தது. சரக்கைக் கையால் தொடாமல், மேசையிலிருந்தபடியே வாங்கி விற்றாலும், விலங்குத் துணைப்பொருள் (மனித உணவுக்குப் போகாத விலங்குப் பொருள்) வியாபாரி என்று உணவு, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமான என்.வி.டபிள்யூ.ஏ-விடம் பதிவு செய்ய வேண்டும். 1069/2009 என்ற ஐரோப்பிய ஒழுங்குவிதி வியாபாரியையும் பொறுப்பாளிகள் வரிசையில் வைக்கிறது. "நான் தரகு மாதிரிதானே, எனக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். சரக்கு உங்கள் பெயரில் கைமாறினால் நீங்களும் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

தீவனத்துக்கு விற்க ஜி.எம்.பி பிளஸ் என்ற தீவனப் பாதுகாப்புச் சான்றிதழ், எரிபொருளுக்கு விற்க, மூலப்பொருள் சுற்றுச்சூழல் நிபந்தனைக்கு உட்பட்டது என்று காட்டும் ஐ.எஸ்.சி.சி போன்ற நிலைத்தன்மைச் சான்றிதழ். இரண்டுக்குமே தணிக்கை உண்டு, நாளாகும். சான்றிதழ் வருவதற்குள் விற்றுவிட்டு "பின்னால் அனுப்புகிறேன்" என்று சொன்னால் செல்லாது. சான்றிதழ் செல்லுபடியாகும் தேதிக்கு முன் கிளம்பிய லோடு சான்றில்லாத லோடுதான்.

1. முதலில் வகையை உறுதி செய்யுங்கள்

துணைப்பொருளை ஆபத்தைப் பொறுத்து மூன்று வகையாகச் சட்டம் பிரிக்கிறது. உருக்கிய கொழுப்பைச் சூடாக ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்தால், முதல் வகையும் மூன்றாம் வகையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கலாம். உருக்கிய நெய் போலத் தெளிவாக, கொஞ்சம் பழுப்பு கூடியோ குறைந்தோ இருக்கும். கண்ணால் வகை சொல்ல முடியாது. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் சட்டமும் சேர்ந்துதான் வகையைத் தீர்மானிக்கின்றன.

மூன்றாம் வகை: மனிதர் உண்ணத் தகுதி என்று பரிசோதனையில் தேறிய விலங்கிலிருந்து, வணிகக் காரணத்தால் உணவுக்குப் போகாமல் ஒதுக்கிய பகுதிகள். தீவனம், செல்லப்பிராணி உணவு, சோப்பு, ரசாயனத் தொழில் என்று எல்லாவற்றுக்கும் போகலாம்.

இரண்டாம் வகை: பண்ணையில் தானாக இறந்த பன்றி, கோழி போன்றவை. தீவனத்துக்குக் கூடாது.

முதல் வகை: மாட்டின் மூளை, தண்டுவடம் போன்ற, மாட்டின் மூளையைக் கெடுக்கும் பி.எஸ்.இ நோய் (பைத்திய மாட்டு நோய்) தொடர்பான ஆபத்துப் பகுதிகளும், அவை நீக்கப்படாத இறந்த மாடுகளும். எரிப்பதற்கும் எரிபொருளாக்குவதற்கும்தான். நெதர்லாந்தில் பண்ணைகளில் இறந்த விலங்குகளைச் சேகரிப்பது சோன் நகரிலுள்ள ரென்டாக் நிறுவனம்.

புதியவர்கள் விழும் முதல் குழி இதன் பெயரிலேயே இருக்கிறது. "முதல் வகை" என்றதும் முதல் தரம் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் 1 என்பது ஆபத்தின் எண். எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து பத்து நாளே ஆன ஒரு பையன், ஒரு தீவன ஆலைக்கு "முதல் வகைச் சரக்கு இருக்கிறது, நல்ல விலை" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டான். அந்த ஆலையின் தர அலுவலர் பதற்றத்தோடு தொலைபேசியில் கூப்பிட்டு, இதற்கு முன் நாங்கள் அனுப்பிய லோடுகளின் காகிதங்களையெல்லாம் திரும்பக் கேட்டார். ஒரு சொல் செய்த வேலை அது.

இதில் இரண்டு விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று, வகை கீழேதான் இறங்கும், மேலே ஏறாது. 24 டன் மூன்றாம் வகையில் ஒரு டன் முதல் வகை கலந்தால் 25 டன்னும் முதல் வகை. எவ்வளவு சுத்திகரித்தாலும் திரும்பாது. இரண்டு, முதல், இரண்டாம் வகையில் உருக்கிய கொழுப்பில் ஜி.டி.எச் என்ற அடையாளப் பொருளைக் கிலோவுக்குக் குறைந்தது 250 மில்லிகிராம் கலக்க வேண்டும் என்பது பொது விதி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆய்வகத்தில் தெரிந்துவிடும். தீவனச் சரக்கில் ஜி.டி.எச் அகப்பட்டால் அந்தத் தொட்டி முழுதும் நின்றுவிடும்.

விற்பவர் வாயால் சொல்லும் வகையை ஏற்காதீர்கள். ஆலையின் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கி, அரசு வெளியிடும் பட்டியலில் அது எந்த வகைக்கு ஒப்புதல் பெற்றது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இது முடியாமல் விலை பேசவே கூடாது.

உண்ணத்தக்க கொழுப்பு இந்த மூன்றிலும் சேராது. அதற்கு 853/2004 ஒழுங்குவிதி தனி. மூலப்பொருளை 7 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். குளிரூட்டாமல் வைப்பதானால் உருக்குவதற்குக் குறுகிய காலக்கெடு உண்டு. உணவுச் சங்கிலியை விட்டு ஒருமுறை வெளியே வந்த கொழுப்பு மறுபடி உள்ளே போக முடியாது. அதனால்தான் இதற்கு விலை தனியாக நிற்கிறது.

2. எந்த விலங்கு, எந்த வாங்குபவர்

டச்சுக்காரர்கள் மாட்டுக் கொழுப்பை ருண்ட்வெட் என்றும், பன்றியின் கொழுப்பை ரோஸல் என்றும், உருக்கிய பின் மிஞ்சும் பொரிந்த சக்கையைக் கானன் என்றும் சொல்வார்கள். ஆலைக்காரர்களிடம் பேசும்போது இந்தச் சொற்கள் காதில் விழும்.

விலங்கு ஏன் முக்கியம்? மாட்டுக் கொழுப்பு கெட்டியாக உறையும், சோப்புக்கும் கொழுப்பு அமிலத் தொழிலுக்கும் ஏற்றது. பன்றிக் கொழுப்பும் கோழிக் கொழுப்பும் இளகியவை, தீவனத்தில் விரும்புவார்கள். கலப்புக் கொழுப்பு என்றால் சில தீவன ஆலைகள் வாங்கவே மாட்டா. அசை போடும் விலங்கின் கொழுப்பு தீவனத்துக்குப் போவதானால், கரையாத அழுக்கு எடையில் 0.15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். சில வாங்குபவர்களுக்கு மத நம்பிக்கை காரணமாகப் பன்றி கலவாதது வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே கேட்டு எழுதிவையுங்கள், பிறகு நிரூபிப்பது கடினம்.

3. ஆய்வுத் தாளைப் படிக்கும் முறை

நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான், எண்களைப் பிறகு. மூன்று மாதம் முந்தைய தொட்டியின் ஆய்வுத் தாளை இன்றைய சரக்குக்குக் காட்டுவது அடிக்கடி நடக்கிறது. தொட்டி எண்ணும் தேதியும் உங்கள் லோடோடு பொருந்த வேண்டும்.

அடுத்து எஃப்.எஃப்.ஏ, அதாவது கட்டற்ற கொழுப்பு அமிலம். விலங்கு இறந்ததிலிருந்து உருக்கும் வரை எவ்வளவு நேரம், எவ்வளவு வெப்பத்தில் கிடந்தது என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடும். உண்ணத்தக்க மாட்டுக் கொழுப்பின் உயர்தர வகைக்கு வரம்பு 0.75 சதவீதம். இறந்த விலங்குகளிலிருந்து வரும் முதல் வகையில் அது பத்து, பதினைந்து என்று போகும். கோடையில் இன்னும் ஏறும். ஜூலை லோடுக்கு ஜனவரியின் எண்ணை வாக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, ஈரம், அழுக்கு, சோப்பாகாத பகுதி ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. எம்.ஐ.யூ என்பார்கள். இது கொழுப்பே அல்லாத பகுதி. இதற்குப் பணம் கொடுப்பது தண்ணீருக்குக் கொடுப்பது.

எரிபொருள் ஆலைக்கு இது போதாது. அவர்கள் கந்தகம், பாஸ்பரஸ், உலோகங்கள், பாலித்தீன் எல்லாம் கேட்பார்கள். வாகன பயோடீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று இ.என் 14214 தரம் சொல்கிறது. புரதத்தோடு ஒட்டி வரும் கந்தகத்தைப் பிறகு அகற்றுவது செலவு. பாஸ்பரஸும் உலோகங்களும் ஹைட்ரஜன் முறையில் டீசல் செய்யும் ஆலைகளின் வினையூக்கியைக் கெடுக்கும். ராட்டர்டாம் துறைமுகத்தின் மாஸ்ஃப்ளாக்டே பகுதியில் இருக்கும் நெஸ்டே ஆலை இந்த முறையைச் சேர்ந்தது.

பாலித்தீனைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். மாட்டின் காதில் மாட்டும் பிளாஸ்டிக் அட்டை, பொட்டலப் பைத்துண்டு எல்லாம் உருக்கும் வெப்பத்தில் கொழுப்போடு கரைந்துவிடும். சூடாகச் சாம்பிள் எடுத்தால் பளிச்சென்று இருக்கும். அதே குடுவையை ஜன்னலோரம் ஆறவிட்டால், உறையத் தொடங்கும்போது மெல்லிய நூல் நூலாக, பால் ஆடை மாதிரி ஒரு மூட்டம் தோன்றும். அது போய் வாங்குபவரின் வடிகட்டியை அடைக்கும். ஆய்வகத் தாளுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தக் குடுவைச் சோதனையை நீங்களே செய்யலாம். குடுவையின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

4. எந்த இடத்து விலை என்று முடிவு செய்யுங்கள்

ஒருவர் 970 என்கிறார், இன்னொருவர் 1000 என்கிறார். யார் மலிவு? 970 ஆலை வாசலில் ஏற்றித் தருகிற எஃப்.சி.ஏ விலையாக, 1000 வாங்குபவர் தொட்டி வரை கொண்டுவரும் டி.ஏ.பி விலையாக இருந்து, லாரிக் கூலி டன்னுக்கு 30 ஆனால், இரண்டும் ஒன்றுதான்.

எல்லா விலையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். தவணையும் விலைதான். 25,000 யூரோவுக்கு 30 நாள் தவணை, ஆண்டு வட்டி 6 சதவீதம் என்றால் 125 யூரோ, அதாவது டன்னுக்கு 5 யூரோ. கொழுப்பில் கிடைக்கும் லாபம் மெல்லியது. இந்த ஐந்தை மறந்தால் லாபத்தில் பாதி போயிருக்கும்.

5. ஒப்பிட ஒரு விலையைப் பிடியுங்கள்

விலங்குக் கொழுப்புக்கு ஐரோப்பாவில் முன்பேரச் சந்தை கிடையாது. பாமாயிலுக்கு மலேசியாவில் உண்டு, டீசலுக்கு உண்டு, இதற்கு இல்லை. ஆர்கஸ் போன்ற விலை அறிக்கை நிறுவனங்கள் வியாபாரிகளைக் கேட்டு மதிப்பிட்டு வெளியிடுவது ஒரு வழி. இன்னொன்று, நீங்களே தினமும் மூன்று, நான்கு பேரிடம் பேசி எழுதிவைக்கும் நோட்டு. என் அனுபவத்தில் நோட்டுதான் சோறு போடும். தேதி, வகை, எஃப்.எஃப்.ஏ, இடம், விலை, நடந்ததா வெறும் பேச்சா என்று ஆறு கட்டம் போதும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். கேட்ட விலையையும் நடந்த விலையையும் கலந்து எழுதினால் நோட்டே உங்களை ஏமாற்றும்.

விலையை இழுக்கும் கயிறுகள் வகைக்கு வகை மாறும். தீவனத்துக்கும் சோப்புக்கும் போகும் மூன்றாம் வகைக்குப் பாமாயில் போட்டியாளர். பாமாயில் இறங்கினால் வாங்குபவர் கலவையை மாற்றிவிடுவார், கொழுப்பும் இறங்கும். பாமாயில் முன்பேர விலை ரிங்கிட்டில், டீசல் டாலரில், நம் வியாபாரம் யூரோவில். நாணய மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் "பாமாயில் ஏறிவிட்டதே" என்று வாங்கக் கூடாது.

முதல், இரண்டாம் வகையின் விலையில் சட்டத்துக்குப் பெரிய பங்கு. 2018/2001 என்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறையின் ஒன்பதாம் இணைப்பு, ஆ பகுதியில் பயன்படுத்திய சமையல் எண்ணெயும் இந்த இரு வகைக் கொழுப்பும் மட்டும் இடம்பெற்றன. இவற்றிலிருந்து வரும் எரிபொருளை, 1.7 சதவீத உச்சவரம்புக்கு உட்பட்டு, நாடுகளின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்குக் கணக்கில் இரண்டு மடங்காக எண்ணலாம் என்று வைத்தார்கள். மூன்றாம் வகைக்கு அந்தச் சலுகை இல்லை. நெதர்லாந்தில் இதை எச்.பி.ஈ என்ற அலகில் எண்ணினார்கள். ஒரு அலகு ஒரு ஜிகாஜூல். ஒரு டன் பயோடீசலில் ஏறக்குறைய 37 ஜிகாஜூல் என்றால், மூன்றாம் வகையிலிருந்து வந்ததற்கு 37 அலகு, முதல் வகையிலிருந்து வந்ததற்கு 74. கழிவு என்று ஒதுக்கிய சரக்கு நல்ல சரக்கின் விலையைத் துரத்தியதற்குக் காரணம் இதுதான். அந்த நெறிமுறையின் 2023 திருத்தத்துக்குப் பிறகு கணக்கு உமிழ்வுக் குறைப்பை நோக்கி நகர்கிறது. அதனால் எரிபொருள் வாங்குபவரிடம் எந்த ஆண்டுக் கணக்கில் இது சேரும், எந்த நாட்டில் என்று கேட்டுத்தான் விலை சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு மடங்கு ஆசையில் நல்ல மூன்றாம் வகையை வேண்டுமென்றே முதல் வகை என்று காகிதம் மாற்றச் சொல்லும் பேச்சு வந்தால், அந்த வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வாருங்கள். தீவனத்துக்கும் சோப்புக்கும் போக வேண்டிய பொருளை எரித்துவிட்டு, அதன் இடத்தைப் பாமாயிலால் நிரப்பிவிட்டு, பசுமை எரிபொருள் என்று சொல்வது ஏமாற்று.

சரக்கு வரத்து பற்றி ஒன்று. கொழுப்பு விலை ஏறியதற்காக யாரும் மாடு அறுக்க மாட்டார்கள். இறைச்சிச் சந்தைதான் அறுப்பைத் தீர்மானிக்கிறது. அதனால் தேவை கூடினால் வரத்து கூடாது, விலை மட்டும் குதிக்கும். விடுமுறை வாரங்களில் அறுப்பு குறையும் என்பதை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. தரக்குறைவுக்கான விலைக் கழிவை, விலை பேசும்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்

அடிப்படை விலை 1000 யூரோ. எஃப்.எஃப்.ஏ அடிப்படை 10 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் ஒரு சதவீதம் கழிவு. எம்.ஐ.யூ அடிப்படை 1 சதவீதம், மேலே போனால் அதே அளவு கழிவு. இறங்கிய இடத்தில் எஃப்.எஃப்.ஏ 13, எம்.ஐ.யூ 2.4 வந்தது.

25 டன்னுக்கு 25,000. எஃப்.எஃப்.ஏ கழிவு 750. எம்.ஐ.யூ கழிவு 350. கைக்கு வருவது 23,900, அதாவது டன்னுக்கு 956.

விற்பவருக்கு 1000 கொடுத்து வாங்கி, 1010-க்கு விற்றதாக மகிழ்ந்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். வாங்கும் ஒப்பந்தத்தில் இல்லாத கழிவு விற்கும் ஒப்பந்தத்தில் இருந்தால் வித்தியாசம் உங்கள் பையிலிருந்துதான் போகும். இரண்டு ஒப்பந்தத்திலும் ஒரே கழிவு, ஒரே ஆய்வு முறை, ஒரே ஆய்வகம். எந்த அளவுக்கு மேல் போனால் கழிவு இல்லாமல் நேராகத் திருப்பி அனுப்பலாம் என்ற எல்லையும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

7. எழுத்தில் உறுதி

தொலைபேசியில் முடிந்ததை அன்றைக்கே எழுதி அனுப்புங்கள்: வகை, விலங்கு, அளவும் கூடக்குறைய எவ்வளவு என்பதும், தரம், கழிவு, இடம், காலம், தவணை. எந்த எடைமேடையின் எடை செல்லும், ஏற்றிய இடமா இறக்கிய இடமா என்பதையும் சேருங்கள். சச்சரவு வந்தால் எந்த விதிப்படி என்பதற்கு ராட்டர்டாமின் நோஃபோட்டா அல்லது லண்டனின் ஃபோஸ்ஃபா என்ற எண்ணெய், கொழுப்பு வணிகச் சங்கத்தின் விதிகளைக் குறிப்பிடுவது வழக்கம். ஒரு வரிதான். அது இல்லாமல் போனால் பிறகு எங்கே முறையிடுவது என்பதே வழக்காகிவிடும்.

8. டேங்கரைத் தேர்ந்தெடுங்கள்

தீவனத்துக்குப் போகும் லோடானால் டேங்கர் முந்தைய மூன்று முறை என்ன ஏற்றியது என்று எழுத்தில் வாங்குங்கள். ஐ.டி.டி.எஃப் என்ற தீவனப் போக்குவரத்துத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் பிறகு எந்த அளவு கழுவ வேண்டும், எதற்குப் பிறகு தீவனம் ஏற்றவே கூடாது என்று இருக்கிறது. கழுவிய சான்றை ஏற்றும் முன் பாருங்கள். ஏற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை.

முதல் வகைக்கென்றே தனி டேங்கர் வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனங்கள் உண்டு. கூலி கொஞ்சம் கூட இருந்தாலும் அவர்களையே அழையுங்கள்.

9. ஏற்றும் நாள்

மாட்டுக் கொழுப்பை ஏற்ற, இறக்க 55 முதல் 65 டிகிரி, பன்றிக் கொழுப்புக்கு 50 முதல் 55. இதற்குக் கீழே குழாயில் உறையும், மேலே போனால் கெடும். உறைந்த தொட்டியை அவசரமாகக் கொதிக்கவைக்கக் கூடாது. கப்பலிலும் சேமிப்புத் தொட்டியிலும் ஒரு நாளைக்கு 5 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம், தொட்டிக்குள் சூடேற்றும் குழாய்ச் சுருளை ஒட்டிய கொழுப்பு கருகி நிறமும் தரமும் போய்விடும் என்பதே. அதாவது வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டுமானால் திங்கட்கிழமையே ஆலையைக் கூப்பிட்டுத் தொட்டியின் சூட்டைக் கேட்க வேண்டும். செம்பு, பித்தளை இணைப்புகள் கொழுப்பை விரைவில் காறவைக்கும். குழாய் முனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பிள் எடுப்பதில் மேல், நடு, அடி மூன்றும் வேண்டும். தண்ணீர் அடியில்தான் தங்கும். மேலிருந்து மட்டும் எடுத்த சாம்பிள் விற்பவருக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். கலந்து, குறைந்தது மூன்று குடுவையில் ஊற்றி, இருவர் முன்னிலையில் சீல் வைத்து, சீல் எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். ஒன்று விற்பவருக்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று சச்சரவு வந்தால் மூன்றாம் ஆய்வகத்துக்கு.

10. லாரியோடு போகும் காகிதங்கள்

வணிக ஆவணத்தில் வகை, விலங்கு, அளவு, அனுப்பும், பெறும் இடங்களின் ஒப்புதல் எண்கள் இருக்க வேண்டும். மூன்றாம் வகையில் "மனித உணவுக்கு அல்ல", இரண்டாம் வகையில் "விலங்கு உணவுக்கு அல்ல", முதல் வகையில் "அழிப்பதற்கு மட்டும்" என்ற வாசகங்கள் கட்டாயம். நிறக் குறி முறையே பச்சை, மஞ்சள், கறுப்பு.

முதல், இரண்டாம் வகைக் கொழுப்பு பெல்ஜியத்துக்கோ ஜெர்மனிக்கோ போவதானால், இறங்கும் நாட்டின் அதிகாரிகள் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். பிறகு லோடு டிரேசஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய இணைய அமைப்பில் பதிவாகும். "எல்லையில் யாரும் நிறுத்துவதில்லையே" என்று கிளம்பிய லாரியைத் திரும்பக் கொண்டுவரும் செலவு, அந்த லோடின் லாபத்தைப் போலப் பல மடங்கு. பிரிட்டன் 2021 முதல் மூன்றாம் நாடு, அதாவது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடு. அங்கிருந்து வரும் லோடுக்குச் சுகாதாரச் சான்றிதழும் எல்லைப் பரிசோதனையும் உண்டு, அதற்கு ஆகும் நாளையும் செலவையும் விலையில் சேருங்கள்.

எரிபொருளுக்கானால் நிலைத்தன்மை அறிவிப்பும் சேர வேண்டும். அது வராத லோடு வாங்குபவருக்குச் சாதாரணக் கொழுப்புதான், விலையும் அப்படியே.

11. இறங்கிய பிறகு கணக்கைத் தீர்ப்பது

எடைச் சீட்டு, ஆய்வு முடிவு இரண்டும் வந்த பிறகே இறுதி பில் போடுங்கள். முதலில் அனுப்பினால் அது தற்காலிக பில் என்று மேலேயே எழுதுங்கள். இரண்டு ஆய்வகங்களின் முடிவும் ஒத்துப்போகாவிட்டால் வாதாடாமல் மூன்றாம் குடுவையைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்குத்தான் சீல்.

வணிக ஆவணங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது துணைப்பொருள் சட்டம். டச்சு வரித்துறைக்கு ஏழு ஆண்டு. ஆகவே ஒரே கோப்பில் ஏழு ஆண்டு வைத்துவிடுங்கள். பணம் வந்த பிறகும் மூன்றாம் குடுவையைக் கொட்டிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் முறையீட்டுக் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, அது தாண்டும் வரை சீல் உடையாமல் அலமாரியில் இருக்கட்டும்.